எந்த நூற்றுக்கு?

2024 ஜனவரி 1ஆம் திகதி இலங்கையில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. கடைத்தெருவில் அதற்கு ‘வற்’ என்றுதான் பெயர். அந்த நாட்களில் கண்டி டி.எஸ். சேனாநாயக்க வீதிப் பக்கம் சாமான் வாங்கப் போனவர்கள் ஒரே செய்தியை மூன்று விதமாகக் கேட்டிருக்கலாம். “மூணு வீதந்தான் கூடியிருக்கு” என்பார் ஒருவர். “எங்க மூணு? வரியில இருபது வீதம் ஏத்திட்டாங்க” என்பார் இன்னொருவர். “பில்லைப் பாருங்க, மூணு வீதம்கூட ஏறல்ல” என்பார் கல்லாவில் இருப்பவர். மூவரும் பேசுவது ஒரே வரியைப் பற்றி. மூவர் சொல்வதும் சரி.

ஒரு பொருளின் விலை, வரி சேர்க்காமல் 1000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் 31 அன்று அதற்கு 150 ரூபா வரி, மொத்தம் 1150. மறுநாள் 180 ரூபா வரி, மொத்தம் 1180. கூடியது 30 ரூபா. அந்த 30ஐப் பொருளின் விலையான 1000இல் வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு 3. பழைய வரியான 150இல் வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு 20. பழைய மொத்தமான 1150இல் வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு 2.6. மேலே இருக்கும் எண் மாறவே இல்லை. கீழே எதை வைத்து வகுக்கிறோம் என்பதுதான் மாறுகிறது.

சதவீதம் என்பது தனித்து நிற்கக்கூடிய எண் அல்ல. 30 ரூபா என்றால் அது 30 ரூபாதான். 30 சதவீதம் என்றால், எதில் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை அது பாதிச் செய்திதான். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த கணக்குகளில் அந்தப் பதில் கேள்வித்தாளிலேயே இருந்தது. செய்தித்தாளிலும் வங்கிக் கடிதத்திலும் மேடைப்பேச்சிலும் அது பெரும்பாலும் இருப்பதில்லை. சொல்பவருக்கு வசதியான அடித்தளத்தைச் சொல்பவரே எடுத்துக்கொள்கிறார், கேட்பவர் வேறொன்றை மனத்தில் வைத்துக்கொள்கிறார்.

இலங்கைத் தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘வட்டி வீதம் இரண்டு வீதத்தால் உயர்ந்தது’ என்று எழுதுகிறோம். முதல் வீதம் வட்டியின் அளவு. இரண்டாவது, நூற்றுக்கு இரண்டு. 10 சதவீதமாக இருந்த வட்டி 12 ஆகிவிட்டதா, 10இன் நூற்றில் இரண்டு பங்கு கூடி 10.2 ஆகியிருக்கிறதா? அந்த வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் விடை கிடைக்காது. இந்த இடத்துக்காகவே பொருளியலாளர்கள் வைத்திருக்கும் அளவு ‘சதவீதப் புள்ளி’. ஏற்கெனவே சதவீதத்தில் இருக்கும் ஒன்று இன்னொரு சதவீதமாக மாறும்போது, இரண்டுக்கும் இடையிலான வெறும் கழித்தலைச் சதவீதப் புள்ளியில் சொல்ல வேண்டும். 15இலிருந்து 18 என்றால் 3 சதவீதப் புள்ளி உயர்வு. அதே மாற்றத்தைப் பழைய அளவோடு ஒப்பிட்டுச் சொன்னால் 20 சதவீத உயர்வு.

இந்தச் சிறு வேறுபாடு ஏன் தேவை என்பதை நம் நாட்டின் வற் வரலாறே தெளிவாகக் காட்டும். 2019 டிசம்பரில் வற் 15இலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. மூன்று ஏற்றங்களையும் புள்ளியில் கூட்டிப் பாருங்கள்: 4, 3, 3, மொத்தம் 10. 8இலிருந்து 18க்குப் போக வேண்டிய தூரமும் 10தான். இனிச் சதவீதத்தில் கூட்டிப் பாருங்கள். 8இலிருந்து 12 என்பது 50 சதவீத உயர்வு, 12இலிருந்து 15 என்பது 25, 15இலிருந்து 18 என்பது 20. கூட்டினால் 95. உண்மையில் 8 எங்கே, 18 எங்கே? ஏறியது 125 சதவீதம். ஒவ்வொரு படியிலும் அடித்தளம் உயர்ந்துகொண்டே போவதால் சதவீதங்களைக் கூட்ட முடியாது, பெருக்கத்தான் வேண்டும்: ஒன்றரை, ஒன்றேகால், 1.2 மூன்றையும் பெருக்கினால் 2.25 மடங்கு. இறங்கும்போதும் இதே கதைதான். 15இலிருந்து 8க்கு இறங்கியது 47 சதவீத வீழ்ச்சி. அந்த 8 மறுபடி 15 ஆனது 87.5 சதவீத ஏற்றம். போன வழியில் திரும்பி வந்தும் தூரம் இரண்டு விதமாகக் கேட்கிறது. புள்ளியில் சொன்னால் இறங்கியதும் ஏழு, ஏறியதும் ஏழு.

அதே ஜனவரியில், அதுவரை வற் இல்லாதிருந்த சமையல் எரிவாயுவும் பெற்றோலும் டீசலும் வரிக்குள் வந்தன. பூச்சியத்திலிருந்து 18. இதை எத்தனை சதவீத உயர்வு என்று சொல்வீர்கள்? சொல்லவே முடியாது. பூச்சியத்தால் வகுக்க முடியாது. 18 சதவீதப் புள்ளி உயர்வு என்று மட்டும் சொல்லலாம்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வரி உள்ளடங்கிய 1180 ரூபாவிலிருந்து வரியைப் பிரித்தெடுக்க 1180இன் 18 சதவீதத்தைக் கழிப்பவர்கள் உண்டு. 212 ரூபா 40 சதம் வரும். சரியான வரி 180தான், அதாவது மொத்தத்தில் 15.25 சதவீதம். சேர்க்கும்போது அடித்தளம் 1000, பிரிக்கும்போது அடித்தளம் 1180. 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்குவதே பிரிக்கும் வழி. சாப்பாட்டுக் கடைகளில் 10 சதவீதச் சேவைக் கட்டணத்தைச் சேர்த்து, அந்தக் கூட்டுத்தொகையின் மேல் 18 சதவீத வற் போட்டால் 1000 ரூபாச் சாப்பாட்டுக்கு வருவது 1280 அல்ல, 1298.

வங்கிகள் இன்னும் நுணுக்கமான அளவொன்றைப் பயன்படுத்துகின்றன. ஒரு சதவீதப் புள்ளியை நூறாகப் பிரித்தால் வருவது ‘அடிப்படைப் புள்ளி’. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை 700 அடிப்படைப் புள்ளிகளால் உயர்த்தியது. வர்த்தக வங்கிகள் மத்திய வங்கியில் ஒருநாள் வைப்பிடும் பணத்துக்கான வீதம் 6.50இலிருந்து 13.50 ஆனது, கடன் வாங்கும் வீதம் 7.50இலிருந்து 14.50 ஆனது. 700 என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். ‘ஏழு வீதம்’ என்று கேட்டால் சின்னதாகத் தெரியும். உள்ளே நடந்தது என்னவென்றால், ஒரே நாளில் ஒரு வீதம் இரண்டு மடங்கைத் தாண்டியது, மற்றது இரண்டு மடங்கை நெருங்கியது. இதில் எது செய்தி என்பது கேட்பவரைப் பொறுத்தது. பொருளியல் ஆய்வாளருக்கு 700 புள்ளி போதும். வட்டி இப்படி இரட்டிப்பானால் தன் மாதத் தவணை என்ன ஆகும் என்று பார்க்கும் குடும்பத்துக்கு மடங்குதான் கணக்கு.

பணத்தை விட்டுக் கொஞ்சம் தேயிலைப் பக்கம் போவோம். அடித்தளம் என்பது கண்ணுக்கு முன்னாலேயே கரைந்து போவதை அங்கேதான் பார்க்க முடியும்.

கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலையில் சிறிது தூரம் ஏறினால் 1925இல் கட்டப்பட்ட நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று நிற்கிறது. இப்போது அது இலங்கைத் தேயிலை அருங்காட்சியகம். 1867இல் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்களும் பழைய இயந்திரங்களும் அங்கே இருக்கின்றன. பழைய ஸ்டோர்கள் (தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வார்கள்) ஏன் இத்தனை மாடியும் இத்தனை சன்னலுமாக இருக்கின்றன என்றால், மேல்மாடிகள் முழுவதும் கொழுந்து வாட்டுவதற்கு. பறித்த கொழுந்தை மெல்லிய படுக்கையாகப் பரப்பி, காற்று ஓடவிட்டு, பல மணி நேரம் அதன் நீரை இறக்குவார்கள். பிறகுதான் உருட்டுவது, புளிக்க விடுவது, சூட்டில் உலர்த்துவது எல்லாம்.

பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். மழை, வெயில், இலையின் முற்றல் எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். நம் கணக்குக்கு 78 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ கொழுந்து மேல்மாடிக்குப் போகிறது. அதில் 78 கிலோ தண்ணீர், 22 கிலோ இலையின் திண்மப் பொருள். வாடிய பிறகு ஈரம் 56 சதவீதம். கொழுந்து இப்போது எத்தனை கிலோ இருக்கும்?

பலர் 78 கிலோ என்பார்கள், ஈரம் 22 குறைந்ததால் எடையும் 22 குறைந்திருக்கும் என்று. விடை 50 கிலோ. காரணம் இதுதான்: திண்மப் பொருள் எங்கும் போகவில்லை, அது அதே 22 கிலோ. முன்பு அது மொத்தத்தில் நூற்றுக்கு 22. இப்போது ஈரம் 56 என்றால் திண்மம் நூற்றுக்கு 44. எந்த எடையில் 22 கிலோ என்பது நூற்றுக்கு 44 ஆகும்? 50 கிலோவில். ஆக, ஈரம் 22 சதவீதப் புள்ளி இறங்கியதற்குள் கொழுந்தின் எடையில் பாதி போய்விட்டது. தண்ணீரை மட்டும் பார்த்தால் 78 கிலோவில் 50 கிலோ, அதாவது 64 சதவீதம் காற்றோடு போயிருக்கிறது.

அடுத்த கட்டம் இன்னும் வியப்பானது. உலர்த்தி முடித்த தேயிலைத் தூளில் ஈரம் சுமார் 3 சதவீதம். 56இலிருந்து 3க்கு இறங்குவது 53 சதவீதப் புள்ளி, முந்தைய இறக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். எடையில் எவ்வளவு போகும்? 22 கிலோ திண்மம் இப்போது நூற்றுக்கு 97, எனவே மொத்தம் 22.7 கிலோ. 50 கிலோவிலிருந்து 27.3 கிலோதான் குறைந்திருக்கிறது. முதல் 22 புள்ளிகள் 50 கிலோவைக் கொண்டுபோயின. அடுத்த 53 புள்ளிகள் 27 கிலோவைத்தான் கொண்டுபோயின. தண்ணீர் வெளியேற வெளியேற, எதில் நூற்றுக்கு என்று கேட்கிறோமோ அந்த மொத்தமே சுருங்கிக்கொண்டு வருகிறது. ஈரத்தை அளக்கும் அளவுகோலில் அந்த ஈரமும் ஒரு பகுதியாக இருப்பதால் வரும் விளைவு இது. ஒரு கிலோத் தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து வேண்டியிருப்பதன் காரணமும் இதே கணக்கில் அடங்கியிருக்கிறது.

இந்தக் கணக்கு மலையில் கூடை சுமப்பவரின் கையையும் தொடுகிறது. மழைநாளில் கொழுந்தின் மேல் நிற்கும் தண்ணீருக்காக நிறுவையில் கழிப்பது தோட்டங்களில் பழைய வழக்கம், பழைய மனக்குறையும் கூட. ஒரு பெண் 20 கிலோ கொழுந்து பறித்திருக்கிறார், அதன் மேல் 2 கிலோ மழைநீர், தராசு 22 காட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கொழுந்துக்குத் தண்ணீர் நூற்றுக்குப் பத்து என்பது உண்மை. ஆனால் அந்தப் பத்தைத் தராசு காட்டிய 22இல் கழித்தால் 2.2 கிலோ போய் 19.8 மிஞ்சும். 200 கிராம் கொழுந்து கணக்கில் ஏறாமல் போகிறது. 20இல் பத்து சதவீதம் என்பது 22இல் 9.1 சதவீதம். ஒரு நாளைக்கு 200 கிராம் என்றால் இருபத்தைந்து மழைநாளில் 5 கிலோ. யாரும் வேண்டுமென்று ஏமாற்றாமலே இது நடக்கலாம். எந்த எடையில் கழிக்கிறோம் என்று நிறுக்கும் இடத்தில் கேட்பது பறிப்பவரின் உரிமை என்றே நினைக்கிறேன்.

கடன் விஷயத்தில் மறைந்திருக்கும் அடித்தளம் காலம். லயத்தில் வந்து கைமாற்றுக் கொடுப்பவர் “நூத்துக்குப் பத்து” என்று சொன்னால் அது மாதத்துக்கு. வங்கி நூற்றுக்குப் பதினைந்து என்று எழுதினால் அது வருடத்துக்கு. எண்ணை மட்டும் பார்ப்பவருக்குக் கைமாற்று மலிவாகத் தெரியும். 10,000 ரூபா வாங்கி மாதம் 1000 வட்டி கட்டி வந்தால் வருடத்தில் 12,000 வட்டி போயிருக்கும், முதல் அப்படியே நிற்கும். கட்டாமல் விட்டு, வட்டிக்கு வட்டி ஏறினால் பன்னிரண்டு மாதத்தில் கடன் 31,384 ரூபா. இப்படி மாதக் கணக்கில் வட்டி சொல்வது நம் நாட்டாரின் கண்டுபிடிப்பு அல்ல. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் நூறு பணத்துக்கு மாதம் ஒன்றேகால் பணம் முறையான வட்டி என்றும், வணிகர்க்கு 5, காட்டுவழி போவோர்க்கு 10, கடல் கடந்து வணிகம் செய்வோர்க்கு 20 என்றும் வகுக்கிறது. ஆபத்து கூடக்கூட வட்டி கூடுகிறது. காலம் மாதம் என்று அங்கே வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவிலும் நூற்றுக்கணக்கு வணிகத்தின் பிள்ளைதான். ரோமில் அகஸ்டஸ் காலத்தில் ஏலத்தில் விற்கும் பொருளுக்கு நூற்றில் ஒரு பங்கு வரி இருந்தது. இத்தாலிய வணிகர்கள் ‘நூற்றுக்கு’ என்பதைச் சுருக்கிச் சுருக்கி எழுதியதில்தான் இரண்டு சுழியும் நடுவில் கோடுமான இன்றைய குறி பிறந்தது.

தமிழ்க் கணக்கில் இதே வேலையைக் கீழ்வாய்ப் பின்னங்கள் செய்தன. இருபதில் ஒரு பங்கு மா. எண்பதில் ஒரு பங்கு காணி. எட்டில் ஒரு பங்கு அரைக்கால். இன்றைய கணக்கில் மா என்பது 5 சதவீதம், அரைக்கால் 12.5. இந்த இரண்டு பின்னங்களும் இலங்கை அரசியலமைப்பில் அடுத்தடுத்து இடம்பெற்றிருப்பது எனக்குப் பிடித்த ஒரு பொருத்தம். விகிதாசாரத் தேர்தல் முறையில் ஒரு மாவட்டத்தில் ஆசனப் பங்கீட்டுக்குள் வருவதற்கு ஒரு கட்சி எட்டில் ஒரு பங்கு வாக்காவது பெற வேண்டும் என்று முதலில் இருந்தது. 1988இல் 15ஆம் திருத்தம் அதை இருபதில் ஒன்றாகக் குறைத்தது. ஏழரைச் சதவீதப் புள்ளி குறைவு. எந்த நூற்றுக்கு என்பது இங்கே மிகத் தெளிவு: அந்த மாவட்டத்தில் விழுந்த செல்லுபடியான வாக்குகளில். பதிவான வாக்காளர் தொகையிலும் அல்ல, நாடு முழுவதிலும் அல்ல. கண்டி மாவட்டத்தைப் போலத் தமிழரும் முஸ்லிம்களும் சிதறிச் சிறுபான்மையாக வாழும் இடத்தில், தனித்துப் போட்டியிடும் சிறு கட்சிக்கு அரைக்காலுக்கும் மாவுக்கும் உள்ள தூரம் நாடாளுமன்றத்துக்கு உள்ளேயா வெளியேயா என்ற தூரம்.

மருத்துவத்தில் இந்தப் பிழைக்கு விலை மிக அதிகம். 1995 அக்டோபரில் பிரித்தானியாவில் ஒரு வகைக் கருத்தடை மாத்திரை இரத்தம் உறையும் ஆபத்தை இரட்டிப்பாக்குகிறது, அதாவது 100 சதவீதம் கூட்டுகிறது என்று எச்சரிக்கை வந்தது. பெண்கள் பயந்து மாத்திரையை விட்டார்கள். ஆபத்து இருந்த அளவு 7000 பேரில் ஒருவருக்கு, ஆனது 7000 பேரில் இருவருக்கு. சதவீதப் புள்ளியில் சொன்னால் 0.014. மறு ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 அதிகமாயின. 100 என்ற எண் பொய் அல்ல. அதன் கீழே இருந்த 7000ஐ யாரும் சேர்த்துச் சொல்லவில்லை.

கண்டியிலும் அதைச் சுற்றிய மலைகளிலும் வாழும் எங்கள் சமூகத்தின் வரலாற்றில் இப்படி ஒரு எண் உண்டு. 1953 குடித்தொகை மதிப்பில் ‘இந்தியத் தமிழர்’ என்று பதியப்பட்டவர்கள் 9,74,098 பேர், நாட்டு மக்களில் 12 சதவீதம். 1981இல் 8,18,656 பேர், 5.5 சதவீதம். இடையில் நடந்தது இதுதான். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமை இல்லாதிருந்த இவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது, 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. மலைநாட்டு நிலையங்களிலிருந்து ரயிலேறித் தலைமன்னாருக்கும் அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள்.

இழப்பு எவ்வளவு? தலைகளை எண்ணிப் பார்த்தால் 1,55,442 பேர் குறைவு, 16 சதவீதம். பங்கைப் பார்த்தால் 6.5 சதவீதப் புள்ளி இறக்கம். அந்தப் பங்கைப் பழைய பங்கோடு ஒப்பிட்டால் 54 சதவீதம் வீழ்ச்சி. மூன்றும் அரசின் கணக்கெடுப்பிலிருந்தே வரும் எண்கள். மூன்றுக்கும் ஒரே மனத்தாங்கல் வராது. 16 என்று எழுதுபவர் நடந்ததைச் சிறிதாக்கிவிடுகிறார் என்பதே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். அந்த 28 ஆண்டுகளில் நாட்டின் மக்கள்தொகை 81 இலட்சத்திலிருந்து 1 கோடி 48 இலட்சமாக, 83 சதவீதம் வளர்ந்தது. நாடு மொத்தமாக வளர்ந்த வேகத்தில் இந்த மக்களும் இங்கேயே இருந்து வளர்ந்திருந்தால் 1981இல் ஏறத்தாழ 17,86,000 பேர் இருந்திருப்பார்கள். இருந்தது 8,18,656. வித்தியாசம் 9,67,000, பத்து இலட்சத்துக்குக் கிட்ட. ஒரே வேகத்தில் வளர்ந்திருப்பார்கள் என்பது ஊகம்தான். ஆனாலும் 1953இன் தலைக்கணக்கை அப்படியே அடித்தளமாக வைப்பதும் ஒரு ஊகம்தான், அந்த 28 ஆண்டும் இங்கே ஒரு பிள்ளையும் பிறந்திருக்காது என்று சொல்லும் ஊகம். கப்பலேறியவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் எந்தக் கழித்தலிலும் வரமாட்டார்கள்.

கடைசியாக விலைவாசி. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். ஓராண்டு கழித்து 2023 செப்டெம்பரில் 1.3. ‘பணவீக்கம் 69.8இலிருந்து 1.3 ஆக வீழ்ச்சி’ என்று செய்தி வந்தபோது, அப்படியானால் விலை ஏன் இறங்கவில்லை என்று கேட்காத வீடே இருந்திருக்காது. வீழ்ந்தது விலை அல்ல, விலை ஏறும் வேகம். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான் அடுத்த செப்டெம்பரில் 169.80. அதற்கடுத்த 1.3 சதவீதம் அந்த 169.80இன் மேல் ஏறியது, 172 ஆனது. பணவீக்கம் அறுபத்தெட்டரைச் சதவீதப் புள்ளி இறங்கிய அந்த ஆண்டிலும் கூடையின் விலை இரண்டு ரூபா ஏறத்தான் செய்தது. ஒவ்வொரு ஆண்டின் பணவீக்கமும் முந்தைய ஆண்டைத் தன் நூறாக எடுத்துக்கொண்டு, அதற்கு முன் நடந்ததை மறந்துவிடுகிறது. குடும்பங்கள் மறப்பதில்லை.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். 2021 மார்ச்சில் அது, படியும் சேர்த்து, 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. 35 சதவீத உயர்வு என்று சொல்லப்பட்டது, கணக்கில் பிழை இல்லை. இடையில் விலைகள் என்ன செய்தன? அதே கொழும்புச் சுட்டெண்ணில் மார்ச் மாதங்களின் ஆண்டுப் பணவீக்கம் 2022இல் 18.7, 2023இல் 50.3, 2024இல் 0.9. கூட்டாதீர்கள், பெருக்குங்கள்: 1.187, 1.503, 1.009. விடை 1.80. நடுவில் சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டு மாற்றப்பட்டதால் இதை மதிப்பீடாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் பெரிய படம் மாறாது. 2021 மார்ச்சில் 1000 ரூபாவுக்குக் கிடைத்த அரிசி, மா, பருப்பு, பஸ் கட்டணம் எல்லாவற்றுக்கும் 2024 மார்ச்சில் 1800 ரூபா வேண்டியிருந்தது. அன்றைய நாட்சம்பளம் இன்னும் அதே 1000. ஆறு மாதம் கழித்து வந்த 1350ஐ அந்த 1800க்கு எதிரே வைத்துப் பார்த்தால், 35 சதவீத உயர்வு என்பது வாங்கும் சக்தியில் 25 சதவீதக் குறைவு.

2026 வரவு செலவுத் திட்டம் நாட்சம்பளத்தை 1550 ஆக்கவும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசு 200 ரூபா ஊக்கத்தொகை கொடுக்கவும் முன்மொழிந்தது. இரண்டையும் சேர்த்தால் 1750. 1350இலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட 30 சதவீத உயர்வு. 2024 மார்ச்சில் வேண்டியிருந்த 1800க்கு இன்னும் 50 ரூபா குறைவு.